டல்லாஸுக்கு வந்த எலும்புப் பெட்டிகள்

சனிக்கிழமை காலை 9.40. அமெரிக்காவில் டல்லாஸ் பக்கத்துப் பிளானோவில், நான் திருப்பூரிலிருந்து வந்து தங்கியிருந்த அக்கா வீட்டு வாசலில் மேரி ஆண்ட்டியின் கார் வந்து நின்றது. "அவங்ககிட்டப் போயி வாயாடாத" என்று அக்கா சொல்லி அனுப்பினாள். முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு மேரி ஆண்ட்டிக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். திருச்செந்தூர் ரயில் நிற்கும் ஊர்தான். கணவர் ஜோசப் அங்கிளுக்கும் அதே ஊர். அவர் தவறி ஆறு மாதம். கல்லறைக்குக் கல் தயார். என்ன பெயர் வெட்டுவது என்று அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். வீட்டில் உட்கார்ந்தால் மகளோடு சண்டைதான் என்று எங்களை டல்லாஸில் ஒரு பழம்பொருள் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

சண்டை காரிலும் வந்தது.

"மாம், ஜஸ்ட் புட் ஜோசப் தேவசகாயம். இட்ஸ் ஹிஸ் லீகல் நேம்" என்றாள் பின்சீட்டிலிருந்த மகள் ஷெரின்.

"தேவசகாயம் எங்க மாமனாருலா? இங்க வந்த புதுசுல ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கேட்டானுவ, அப்பா பேர எழுதிட்டாரு. முப்பது வருசமா ஆபீஸ்ல மாமனார் பேரச் சொல்லித்தான் இவரக் கூப்பிட்டானுவ. கல்லுலயும் அவரே கெடக்கணுமா?"

டோல்வேயில் இருபது மைல். சுங்கச்சாவடியில் ஆள் கிடையாது. கேமரா படம் பிடித்துக்கொள்கிறது. நான் ஒவ்வொன்றுக்கும் தலை சீவிக்கொண்டேன்.

10.30. டிக்கெட் இருபத்து நாலு டாலர். எருசலேம் பக்கத்துக் குகைகளில் கிடைத்த சுண்ணாம்புக்கல் பெட்டிகள், இரண்டாயிரம் வருடப் பழசு. எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியில் சரக்கு கட்டும் அட்டைப்பெட்டி அளவுதான். பிணத்தை ஒரு வருடம் குகையில் கிடத்திவைத்து, பிறகு எலும்பைப் பொறுக்கி இதில் போடுவார்களாம். தொடை எலும்பின் நீளம்தான் பெட்டியின் நீளம். மேலே வீட்டு ஆட்களே ஆணியால் கீறிய பெயர். என் பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு இதைவிட அழகு. அப்படியும் ஃபெயில் போட்டார்கள்.

விளக்கம் சொன்ன வெள்ளைக்கார அம்மாவின் இங்கிலீஷில் பாதி எனக்குப் புரிந்தது, மீதியை ஷெரின் சொன்னாள். 'யோசேப்பின் மகன் இயேசு' என்று எழுதிய பெட்டிகளும் கிடைத்திருக்கின்றனவாம். அவரேதான் என்கிறார்கள் சிலர். அந்தப் பெயர்கள் தெருவுக்குத் தெரு இருந்தவை, எப்படி நம்புவது என்கிறார்கள் பலர். இன்னொரு பெட்டியில் கல் பழசு, எழுத்தில் பாதி புதுசோ என்று தனிச் சண்டை.

மேரி ஆண்ட்டிக்கு முகம் சுருங்கியது. "மூணாம் நாள் எந்திரிச்சவருக்கு எலும்புப் பெட்டி எதுக்குலே?"

"அது வேற இயேசுங்க ஆண்ட்டி. எங்க கம்பெனில நாலு முருகன். கட்டிங் முருகன், அயர்ன் முருகன், பல்லடம் முருகன். வெறும் முருகன்னு கூப்பிட்டா ஒருத்தனும் திரும்ப மாட்டான்."

"நாலாவது?"

"நாந்தானுங்க. லீவு முருகன்."

ஆறு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆனால் அடுத்த பெட்டியிடம் போனவர் நகரவே இல்லை. அதில் பெயரோடு, செத்தவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்றும் கீறியிருந்தது. வெளியூர்க்காரராம்.

"பாரு, வந்த எடத்துல செத்தவனுக்கு ஊரையும் சேத்து எழுதியிருக்கான்" என்றார், மெதுவாக.

1.15. காரை எடுக்கும் முன்பே ஆண்ட்டி போனில் தட்டி, கல்வெட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டார். ஷெரின் எட்டிப் பார்த்தாள். ஜோசப், நாசரேத். அவ்வளவுதான்.

"மாம். பீப்பிள் வில் திங்க் ஹீ இஸ் ஜீசஸோட ஃபாதர்..."

"நெனச்சுட்டுப் போட்டும். அவரு ஊரு அதுதான?"

"ரெண்டாயிரம் வருசம் கழிச்சு டெக்சாஸத் தோண்டறவன் பாவமுங்க" என்றேன்.

ஆண்ட்டி சீட் பெல்ட்டை மாட்டினார். "அதே கல்லுல பாதிய எனக்கு வெறுமனே விடச் சொல்லிருக்கேன். மேரின்னு வரும். அப்பத்தாம்லே சண்ட இருக்கு."

வாயாடுவதில் ஆண்ட்டி என்னை ஜெயித்துவிட்டார். அக்காவிடம் சொன்னால் நம்பமாட்டாள்.