ரங்கூன் போய்ச் சேரும் நேரம்

ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது, கூட்டினால் போனவரையும் சேர்த்து வாரிக் கொட்டியதாகிவிடும் என்பது எங்கள் அம்மா போட்ட சட்டம். ஆத்தூருக்கு வண்டி கட்டிப் போனாலும் அதே சட்டம்தான். அப்பா வெளியூர்ச் சந்தைக்குப் போகிற நாளெல்லாம் எங்கள் வீடு குப்பைமேடுதான்.

அக்காள் வீட்டுக்காரர் கல்கத்தாவில் ஆகாய விமானப் பட்டறையில் ஃபிட்டர். சேலத்தில் மோட்டார் பஸ் இஞ்சினைப் பிரித்துக் கோத்துப் பழகிய கை. அக்காள் எடப்பாடிக்குப் பக்கத்தில் எங்களோடு இருந்தாள். யுத்தம் வருவதற்கு முந்தைய ஒரு வைகாசியில் லீவில் வந்தவர், திரும்பிப் போனதும் ரங்கூனில் நிற்கிற ஒரு விமானத்தைப் பழுதுபார்க்கப் பறந்தே போகப்போவதாகச் சொன்னார். நாங்கள் வாயைப் பிளந்தோம். அம்மாவுக்கு ஒரே கவலை, வீட்டை என்றைக்குக் கூட்டுவது?

மாமா சிரித்துவிட்டார். அறுநூறு மைலுக்கு மேலே தூரம், கப்பலுக்கு மூன்று நாள் பிடிக்கும், விமானத்துக்கு ஒரு பகல் போதும் என்றார்.

"வெள்ளிக்கெழமை காத்தால கல்கத்தாவுல ஏறுனா, பொழுது சாயறதுக்குள்ள ரங்கூனுங்க அத்தை. அங்க நமக்கு முன்னாடியே இருட்டீரும். அப்புறம் தாராளமா ஊட்டக் கூட்டிக்குங்க."

திங்கட்கிழமை சங்ககிரியில் ரயிலேறினார். அது விதைக்கடலை உடைக்கிற சமயம். வீடு முழுக்கத் தோல், கால் வைத்த இடமெல்லாம் நொறுங்கியது. வெள்ளியும் வந்தது. விளக்கு வைக்கிற நாளில் இத்தனை குப்பையா என்று அம்மா காலையிலிருந்தே முணுமுணுத்தாள். விளக்கு வைத்த பிறகோ விளக்குமாற்றைத் தொடக்கூடாது. அக்காள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து வெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் மஞ்சளானதும், அங்கே இந்நேரம் இருட்டியிருக்கும் என்று சொல்லிக் கூட்ட ஆரம்பித்தாள். மூலை முடுக்கு விடவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். அந்த முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. விமானம் கடலில் விழுந்துவிட்டது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அவரோடு பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் பின்னால் அவருடைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். விமானம் வெள்ளிக்கிழமை பாதி வழியில் அக்யாப் என்கிற ஊரில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டதாம். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை காலையில்தான் கிளம்பினார்களாம். அதற்குமேல் வந்தவர் சொன்னது எதுவும் அக்காள் காதில் ஏறவில்லை. அவள் கூட்டும்போது அவர் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. அதையே பிடித்துக்கொண்டாள். குப்பை குப்பை என்று காலையிலிருந்தே முணுமுணுத்த அம்மாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள்.

எனக்கு அது பொறுக்காது. கல்யாணமாகிப் போய் வருஷங்கள் கழித்து வந்தபோது ஒருநாள் சண்டைக்கே நின்றேன். எடப்பாடியில் கூட்டினால் கடல்மேல் விமானம் விழுமா, பைத்தியக்காரத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று கத்தினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"எனக்கும் தெரியுது அம்முணி. ஆனா என்ற மேல தப்பு இல்லீன்னா, அவரு சும்மா செத்துப்போனாருன்னு ஆயிருமல்ல."