லேசி

மடவளை–கண்டி பஸ் சாரதி மக்கீனுக்கு ஐம்பத்தாறு வயதாகியும் எட்டத்துப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. எதிரே வருவது யாருடைய பஸ் என்று வளைவிலேயே சொல்லிவிடுவார். கண்ணாடி போட்டவர்கள்மேல் அவருக்கு ஓர் இரக்கம் உண்டு. மனைவி பஸ்லினாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றதும் கண்டியில் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனது அந்த இரக்கத்தில்தான்.

பஸ்லினாவின் காரியம் ஒரு கண்ணாடியோடு முடிந்தது. வந்த இடத்தில் துணைக்குப் போனவரையும் சோதித்த டொக்டர், அவருடைய கண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். இப்படி எட்டத்துக்கே பழகிய கண் பெரும்பாலும் சிறியது, உள்ளே நீர் வடியும் மூலை ஒடுங்கிக் கிடக்கிறது, திடீரென அடைத்துக்கொண்டால் பார்வையே போகலாம் என்று சிங்களத்தில் விளக்கினார். மக்கீன் பிடித்துக்கொண்டது ஒரே சொல்லைத்தான்: லேசி. சிங்களத்தில் அது சுலபம், நம்மிடம் லேசு. டொக்டர் சொன்னதோ லேசர்.

இரண்டு கிழமையாக பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் அந்த லேசியான வைத்தியத்தின் கதைதான். லேசர் என்று விளங்கியிருந்தால் மனிதர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்.

குறித்த நாளில், சொட்டு மருந்து விட்டு வாங்குப் பலகையில் இருத்திய பிறகு, கையெழுத்துக்கு ஒரு தாள் வந்தது. பஸ்லினா சத்தமாக வாசித்தாள்: லேசர் கதிரால் கண்மணியைச் சுற்றியுள்ள படலத்தில் சிறு துளை இடப்படும். மக்கீன் எழும்பிவிட்டார்.

"ஓட்டக் கண்ண வெச்சிக்கிட்டு நான் எப்பிடி பஸ் ஓட்டுற? லைசன்ஸும் போகும்."

பஸ்லினா அசையவில்லை. "கட்டுகஸ்தோட்ட பாலத்துல வாகனம் அடச்சி நிண்டா நீங்க என்ன செய்ற?"

"வேற ரோட்டால வெட்டிப் போற."

"கண்ணுத் தண்ணிக்கும் அப்பிடி ஒரு ரோட்டுத்தான் வெட்டப் போறாங்க. அது வாணாண்டா, நாளக்கி லைசன்ஸ் கைல ஈக்கும், நீங்க செவுரத் தடவிக்கிட்டு ஈப்பீங்க."

வாங்கிலிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அவருடைய பஸ்ஸில் வழக்கமாக வருகிறவர்கள். மக்கீன் கையெழுத்துப் போட்டார்.

நாடியையும் நெற்றியையும் ஒரு தாங்கியில் பதித்து வைத்தார்கள். சில மின்னல்கள், ஊசி முனை பட்டது போல இரண்டு மூன்று சுள்ளென்ற குத்துகள். காத்திருந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை.

அடுத்த கிழமை டொக்டர் கண்ணின் அழுத்தத்தை அளந்து, மூலை திறந்துவிட்டது, தாராளமாக பஸ் ஓட்டலாம் என்றார். மக்கீனுக்கு மனம் ஆறவில்லை. கட்டுமில்லை, தழும்புமில்லை, இப்ப எப்பிடித் தெரியிது என்று கேட்கிற பயணிகளுக்கு எதைச் சொல்வது?

"முந்தித் தெரிஞ்ச மாதிரியேதான் தெரியிது" என்றார், முறைப்பாடாக.

டொக்டர் அதைச் சந்தோஷத்தோடு எழுதிக்கொண்டார்.