பாயோடு ஒட்டிய அரக்கன்

விளையாட்டில் தீயுருண்டை மந்திரம் விடுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அழகரத்தினம் ஒருபக்கமாய்க் கதைத்தான் என்று யாரும் மூக்கால் அழக்கூடாது. நான் ஒருபக்கம்தான். லொறெய்ன் பக்கம்.

லொறெய்ன் மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். பறங்கியர் குடும்பம். வயது நாற்பத்தைந்துக்குக் கிட்ட. கல்யாணம் கட்டவில்லை. தாய் பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையில் கிடக்கிறா. கடை விட்டால் தாய், தாயை விட்டால் கடை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் தம்பி றெஜி கல்லடியிலிருந்து வந்து தாயோடு இருப்பான். அதுவும், அக்கா போகாவிட்டால் ஆள் குறைந்து விளையாட்டு நின்றுவிடுமாம் என்பதற்காக. கொஞ்ச நேரம் சும்மா இருந்து மூச்சு விடவேண்டும் என்று அவள் கேட்டிருந்தால் வந்திருப்பானா? நல்லா வந்திருப்பான்! ஆகவே விளையாட்டு மேசையில் அவளுக்கிருந்த நாற்காலிதான் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை. அது போனால் எல்லாம் போச்சு.

விளையாட்டு என்றால் கரம்போர்டு இல்லை. கரண்டு வெட்டிய அந்த வருசத்தில், பெற்றோலும் இல்லாமல், எங்கேயும் போக வழியில்லாமல் இருந்தபோது நிலோஜன் தன் வீட்டில் தொடக்கியது. அவன் கொம்பியூட்டர் வகுப்பு வைத்திருப்பவன். கொழும்பில் படித்தபோது பழகிவந்த விளையாட்டு. ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தக் கதைக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகக் கட்டை உருட்டிப் பார்ப்பார்கள். நிலோஜன் கதை சொல்லுகிறவன். அவன் மனிசி தனுஷியா வாள்காரி, காத்தான்குடிப் பொடியன் பஹ்மி வில்லாளி, நான் கதாயுதக்காரன். ஐம்பது தாண்டியவன், வயலுக்குப் பசளை விற்கிற கடை வைத்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமை கதை தூக்குகிறேன் என்று என் மனிசி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

லொறெய்ன்தான் மந்திரக்காரி. அனுபவம் ஏற ஏற மந்திரக்காரர் பெரிய மந்திரம் எடுப்பார்கள்: தீயுருண்டை, இடி, பூமி பிளப்பு. இவள் எடுக்கவில்லை. முதற்படியில் தந்த இரண்டு சில்லறை மந்திரங்களையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று வழுக்கு, நிலத்தை வழுக்கச் செய்யும். மற்றது ஒட்டு, ஒரு சாமானை இன்னொரு சாமானோடு ஒட்டவைக்கும், கொஞ்ச நேரத்துக்கு. அவ்வளவுதான்.

"என்னகா இது, பள்ளிக்கூடத்துக் கோந்து மாதிரி?" என்று பஹ்மி கேட்டான்.

"தீயுருண்டைய எதிரிட உடம்புக்கு விட்டா அவன் கட்டை உருட்டித் தப்பிருவான்" என்றாள் லொறெய்ன். "நான் சாமானுக்கு விடுறன். செருப்புக்கும் வாளுறைக்கும் ஏதுகா கட்டை? தப்ப ஒண்ணா."

அனுபவப் புள்ளிகளை அவள் செலவழித்ததும் அப்படித்தான். முதலில் வேகத்தில் போட்டாள், எதிரி அசைய முன்னம் தன் முறை வரவேண்டும் என்று. மறுகா, ஒரே முறையில் இரண்டு சின்ன மந்திரம் விடுகிற வரம். அதற்குப் பிறகு ஒட்டு நீண்ட நேரம் நிற்கிற வரம். கடைசியாக எடுத்ததுக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்: சொல்லாமல் செய்கிற வரம். வாய் அசைக்காமல், கை அசைக்காமல், மந்திரத்தை விடலாம். ஒரு வருசப் புள்ளி முழுவதும் அதற்கே போனது. அவளுக்குத் திமிரும் கொஞ்சநஞ்சமில்லை. "நீங்க எல்லாரும் பட்டாசு கொளுத்துங்க, நான் பார்த்துக்கொண்டிருக்கன்" என்பாள். கொள்ளைக்காரத் தலைவனின் வாளை உறையோடு ஒட்டிவிட்டு, அவன் இழு இழு என்று இழுக்கும்போது கொட்டாவி விட்டவள் அவள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மேசைக்குத்தான் கனடாவிலிருந்து சனியன் வந்து சேர்ந்தது. தனுஷியாவின் தமையன், நிலோஜனுக்கு மச்சான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து போனவன். ஒரு பை நிறையச் சொக்கலேற்றும், பளபளவென்ற உலோகக் கட்டைகளும் கொண்டுவந்தான். அங்கே தானும் இதே விளையாட்டு விளையாடுகிறானாம். தன் பாத்திரம் தீயுருண்டை மன்னனாம். மேசையில் நாற்காலி இல்லாததால் நிலோஜன் அவனுக்குப் பாய் ஒன்றை விரித்தான்.

"ஐயோ, மட்டக்களப்புப் பாயோ!" என்று அவன் துள்ளி விலகினான். "நான் இருக்கமாட்டன் அப்பா. பாயோடை ஒட்டிப் போடுவியள்!"

சீ! இந்தப் புளித்த பகிடியை வெளியூர்க்காரன் ஒவ்வொருத்தனும் தானே புதிதாய்க் கண்டுபிடித்த மாதிரிச் சொல்லுவான். மட்டக்களப்பார் மந்திரக்காரர், வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துத் திரும்பிப் போகவிடமாட்டார்கள் என்று. இவனையெல்லாம் ஒட்டவைத்து யார் சோறு போடுவது? நிலோஜன் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். மச்சான் பின்னேரம் முழுவதும் லொறெய்னின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலால் சொக்கலேற்று மென்று, "உந்தச் சில்லறை மந்திரத்தை வைச்சு என்ன செய்யிறியள் அக்கா?" என்று கேட்டபடி இருந்தான். எனக்கு அந்த மெல்லுகிற சத்தமே அருவருப்பாக இருந்தது.

எங்கள் மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. கதை சொல்லுகிறவனைத் தவிர நாலு நாற்காலிக்கு மேல் கிடையாது. யாருடைய பாத்திரம் செத்ததோ அவர் எழும்பி, காத்திருப்பவருக்கு இடம் விட வேண்டும். அடுத்த ஞாயிறு நிலோஜன் கல்லரக்கனைக் கொண்டுவந்தான். உடம்பு முழுக்கக் கல், எந்த மந்திரமும் உடம்பில் ஏறாது, ஓர் அடி விழுந்தால் ஆள் சரி. அந்த அரக்கன், "முதலில் மந்திரக்காரியைத்தான் கொல்லுவேன்" என்றும் சொல்லிவிட்டான். யாருக்காக அந்த அரக்கனைப் பெற்றுப் போட்டான் என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். லொறெய்ன் மேசைக்குக் கீழே கையைக் கோத்துக்கொண்டாள்.

அரக்கனின் மண்டபத்தைக் கடந்து அங்கால வாசலால் வெளியேறினால் தப்பினோம். நிலோஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு கதையைத் தொடக்கினான்.

"நீங்க உள்ளுக்குப் போறீங்க. அரக்கன் உங்களக் கண்டு, வாங்க எண்டு சொல்லிப் பாய் விரிக்கான். வெத்திலை வட்டாவை நடுவில வைச்சிற்று, தானும் ஒரு பாயில இருக்கான். 'முதல்ல போடுங்க, மறுகா கதைப்பம்' எண்டு சொல்றான்."

அரக்கனைப் பாயில் இருத்திவிட்டான் என்பது அவனுக்கே விளங்கவில்லை. தொடக்கத்திலிருந்தே அவனுடைய கதையில் எந்த ராசா வந்தாலும், எந்தக் கள்ளன் வந்தாலும், வீட்டுக்கு வந்தவனைப் பாயில் இருத்தி வெற்றிலை கொடுக்காமல் வெட்டுக்குத்துத் தொடங்காது. அவன் வளர்ந்த வீடு அப்படி. ஆளைத் தின்னுகிற அரக்கன்கூட அவன் வாயில் மட்டக்களப்பு மனிசனாகத்தான் வருவான்.

"அவன் என்ன உடுத்திருக்கான் தம்பி?" என்று லொறெய்ன் கேட்டாள்.

"இடுப்பில சாரம்."

"சரி. சொல்லாமச் செய்யிறன். இரண்டு ஒட்டு. பாய நிலத்தோட ஒட்டுறன். சாரத்தப் பாயோட ஒட்டுறன்."

நிலோஜன் மச்சானைப் பார்த்துக் கண்ணடித்தான். "செய்யுங்க அக்கா, செய்யுங்க. இப்ப அரக்கன் உங்களக் கொல்ல எழும்புறான்..."

"எங்கால எழும்புற?"

நிலோஜன் உருட்ட எடுத்த கட்டையைத் திரும்ப மேசையில் வைத்தான். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நான் மேசையில் அடித்த அடியில் கட்டைகள் உருண்டு நிலத்தில் விழுந்தன. பஹ்மி "அல்லாஹ்! பாயோட ஒட்டிற்றாங்கடா!" என்று கத்தினான். உலகமெல்லாம் எங்களைச் சொல்லிச் சிரித்ததை அவள் உண்மையாகவே செய்துவிட்டாள், அதுவும் முதற்படி மந்திரத்தால்.

"அவன் சாரத்தக் கழட்டிற்று எழும்புறான்" என்றான் நிலோஜன்.

"எழும்பட்டும். அதுக்குள்ள நாங்க வாசலத் தாண்டிருவம். உன்ட அரக்கன் அம்மணமாத் துரத்தி வரட்டும், ஊர் பார்க்கட்டும்."

தனுஷியாகூடச் சிரித்துவிட்டாள். மச்சான்காரனுக்குத்தான் பொறுக்கவில்லை. "இது என்ன விளையாட்டு? உப்பிடிப் பார்த்தால் பெரிய மந்திரம் எடுக்கிறவன் என்ன மடையனோ?" என்று முகத்தைத் தூக்கினான். நிலோஜன் அவன் முகத்தைப் பார்த்தான், சொக்கலேற்றுப் பையைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"இல்ல அக்கா. ஒட்டு செல்லாது. அரக்கன்ட சாரமும் அவன்ட உடம்பில சேர்த்தி. அவன் எழும்பி அடிச்சிற்றான். நீங்க செத்திற்றீங்க."

த்தூ! நெல்லில் கல்லைக் கலந்து விற்கிறவனுக்குக்கூடக் கொஞ்சம் வெட்கம் இருக்கும். நான் எழும்பிக் கத்தினேன். பஹ்மி வாய்க்குள் சொக்கலேற்றை வைத்துக்கொண்டு மென்று முடிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தான். தனுஷியா நிலத்தைப் பார்த்தாள். மச்சான் நாற்காலியின் முதுகில் கையை வைத்துவிட்டான், அவள் எழும்ப முன்னமே!

லொறெய்ன் கைப்பையை எடுத்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. "சாரம் உடம்பெண்டா, குளிக்கக்குள்ள என்ன செய்யிறான் உன்ட அரக்கன்?" என்று கேட்டாள். போய்விட்டாள். நானும் என் கட்டையைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் பயந்தது மாதிரியே நடந்தது. விளையாட்டு இல்லையென்றதும் றெஜி வரவில்லை. "வேற அலுவல் இல்லையே, வீட்டிலதானே இருக்காய்" என்று போனில் சொல்லிவிட்டானாம். ஒரு ஞாயிறு கடையில் உட்கார்ந்து அதை நினைக்க நினைக்க எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, கட்டைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு லொறெய்னின் வீட்டுக்கே போனேன்.

"இஞ்ச எங்க அண்ணன் விளையாடுற? அம்மா கிடக்கிறா" என்றாள்.

"அம்மாட காலடியில பாயப் போடுகா. அவவும் கேட்டுக்கொண்டு கிடக்கட்டும்."

கதை சொல்ல வேண்டியவள் அவளே ஆனாள். அடுத்த கிழமை பஹ்மி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அதற்கடுத்த கிழமை தனுஷியா வந்தாள், வெறுங்கையோடு. அது நல்லது, சொக்கலேற்றுக் கொண்டுவந்திருந்தால் வாசலாலேயே திருப்பியிருப்பேன். தாய்க்குப் பேச்சு வராது; ஆனால் எங்கள் கட்டை உருளும்போதெல்லாம் தலையைத் திருப்பிப் பார்ப்பா.

மச்சான் கனடாவுக்குத் திரும்பிப் பறந்த பிறகு ஒருநாள் நிலோஜனும் வந்து நின்றான். வாசற்படியில் நெளிந்துகொண்டு, "அக்கா, எனக்கும் ஒரு இடம் இருக்கா?" என்று கேட்டான். நானாயிருந்தால் செருப்பைக் காட்டியிருப்பேன். லொறெய்ன் எழும்பி ஒரு பாயைக் கொண்டுவந்து, உதறி, அவனுக்கு முன்னால் விரித்தாள்.

"வா தம்பி. இரு."

அவன் பாயைப் பார்த்தான். அவளுடைய கைகளைப் பார்த்தான். மட்டக்களப்பில் பிறந்து, மட்டக்களப்பில் வளர்ந்து, இப்படி ஆயிரம் பாயில் உட்கார்ந்து எழும்பியவன், பாய் முழுக்க வெறுமையாய்க் கிடக்க, அதன் விளிம்பு காலில் படாமல் வெறும் நிலத்தில் குந்தினான்.

லொறெய்ன் வாய் திறக்கவில்லை, கையை அசைக்கவுமில்லை. சொல்லாமல் செய்கிற வரத்தை அவள் எடுத்திருந்தது அவனுக்கு நினைவிருந்திருக்கும்.