நட்டை இறுக்கிய சனிக்கிழமை

லெம்லெம் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு மாதத்தில் அவள் கணவர் தெக்லாய் பேசியதில் முக்கால்வாசி ஒரே வார்த்தை: "சரி."

"ஷிரோ குழம்புல உப்பு போட மறந்துட்டேன்ப்பா" என்று மகள் பிரிக்தி சொன்னால், சரி. இந்த வாரமும் தண்ணீர் லாரி வராதாம் என்றால், சரி. அஸ்மரா நகரத்தில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் அளவு எடுத்தவர் வீட்டிலேயே குழாய் வறண்டு கிடந்தது. முன்பென்றால் அதைச் சொல்லியே தெருவைச் சிரிக்க வைத்திருப்பார். இப்போது எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். அடக்கத்தன்றும் அவர் அழவில்லை. பந்தலில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் தலையசைத்தார்.

அவரிடம் ஒரு நீல நிறப் பந்தய சைக்கிள் இருந்தது. இருபது வயதில் அதில்தான் நகரத்தைச் சுற்றும் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். நாற்பது வருடமாக அதை முதலாவதாக வந்த தோரணையில் சொல்லிக்கொண்டிருந்தார். மீட்டர் எடுக்கப் போனதும் அதில்தான். அதன் மேல் ஈ உட்கார வேண்டுமானால்கூட அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பதினைந்து வயதில் பிரிக்தி ஒருமுறை சொல்லாமல் எடுத்துத் தெருமுனைவரை போய்விட்டு வந்தாள். அதற்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவரிடம் போன சனிக்கிழமை அவள் வந்து நின்றாள். மருந்துக்கடையில் வேலை, வயது இருபத்தெட்டு.

"அப்பா, நாளைக்கு சைக்கிள் கிளப்ல எல்லாரும் நெஃபாசித் வரைக்கும் இறங்கறாங்க. உங்க சைக்கிளை எடுத்துக்கட்டுமா?"

"சரி."

அவள் ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள். வேறு ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள் போலும். பிறகு உள்ளே போய்விட்டாள்.

தெக்லாய் முற்றத்தில் சைக்கிளை இரண்டு முறை உருட்டிப் பார்த்தார். முன்பக்கம், கைப்பிடிக்குக் கீழே கழுத்துக்குள், "டக்" என்று ஒரு சத்தம். முன் பிரேக்கைப் பிடித்து அழுத்தினால் மறுபடி "டக்". முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் தண்டு நுழையும் இடம் அது. நெஃபாசித் சாலையோ மலையிலிருந்து வளைந்து வளைந்து விழும் சாலை. அங்கே ஃபோர்க் உடைந்தால் ஆளைப் பொறுக்கத்தான் வேண்டும். இது அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் ஸ்பேனரை எடுத்து மேல் நட்டை அரைச் சுற்று இறுக்கினார். சத்தம் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

ஞாயிறன்று அவள் போனாள், திரும்பி வந்தாள். "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். அவர் "சரி" என்றார்.

புதன்கிழமை, வெளிநாட்டில் போலோன்யா ஊரில் இருக்கும் லெம்லெமின் தங்கை போனில் பிடித்துக்கொண்டாள். சைக்கிளுக்கென்று லெம்லெம் அவளிடம் வாங்கிவரச் சொன்னவை ஒரு ஃபோர்க், அதற்குப் பொருத்தமான கழுத்துக் கப்புகள், பேரிங் குண்டுகள். தங்கை அவற்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தபோது, கேட்ட லெம்லெமே உயிரோடு இல்லை. பொட்டலம் பிரிக்காமல் அலமாரி மேல் கிடந்தது. "அக்காவோட கடைசி ஆசைய அலமாரில போட்டு வச்சிருக்கீங்களே, மாமா?" என்று அழுதாள். தெக்லாய் "சரி" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தையும் சைக்கிளையும் எம்பாயேயின் சைக்கிள் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

எம்பாயே அவரோடு பந்தயம் ஓட்டியவன், அந்த நகரப் பந்தயத்தில் நான்காவதாக வந்தவன். வாய் ஓயாது.

"மூணாவது வந்த மகராஜா, வாங்க" என்றபடி மேல் நட்டைக் கழற்றினான். "இதை எந்தக் கழுதைடா இப்படி இறுக்கினது?"

"நான்தான்."

எம்பாயே ஃபோர்க்கைக் கீழே உருவினான். பழைய கப்பில் குண்டுகள் பதிந்து பதிந்து குழி விழுந்திருந்தது. தண்டின் அடியில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்தான். துடைத்த கை அப்படியே நின்றது. சிலுவை போட்டுக்கொண்டான்.

தண்டைச் சுற்றி ஒரு விரிசல். முக்கால் வட்டம் ஓடியிருந்தது. மீதிக் கால் வட்டத்தில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய், ஒரு கல்லு போதும்டா. ஒரே ஒரு கல்லு. இப்ப உனக்குப் பந்தல் போட்டுட்டு உக்காந்திருப்போம்."

"சரி" என்றார் தெக்லாய். உண்மையிலேயே அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"என்ன சரி? மண்டைல ஏதாவது இருக்கா உனக்கு?" எம்பாயே ஃபோர்க்கைத் தூக்கிக் காட்டினான். காட்டியவன் குரலைத் தாழ்த்தினான். "ஞாயித்துக்கிழமை பிரிக்தி இதுலதானே எறங்கினா? என் மச்சான் பாத்தேன்னு சொன்னான். காத்தா போனாளாம்."

தெக்லாய் அங்கிருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். பயம் வந்தது. பதினான்கு மாதமாக எங்கே போயிருந்ததோ, வட்டியும் முதலுமாக வந்தது. எம்பாயே புதுக் கப்புகளை அடித்து இறக்கி, தண்டை அளந்து அறுத்து, குண்டுகளைக் கிரீஸில் பதித்து, புது ஃபோர்க்கைப் பூட்டி முடிக்கும்வரை பெட்டியை விட்டு அவர் எழவில்லை.

மாலையில் வேலை முடிந்து பிரிக்தி பட்டறைக்கு வந்தாள். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திரும்பியது.

"வீடு வரைக்கும் நான் ஓட்டிட்டு வரட்டுமாப்பா?"

"கூடாது."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்து, பழைய ஃபோர்க்கின் விரிசல் மேல் அவள் விரலை வைத்தார்.

"சனிக்கிழமையே சத்தம் வந்துச்சும்மா. எனக்குத் தெரியும். நட்டை இறுக்கி சத்தத்தை அடக்கிட்டு உங்கிட்ட குடுத்தேன்." அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். மனைவிக்கு அழாத அழுகையும் அதில் சேர்ந்துகொண்டது.

பிரிக்தி விரலை எடுக்காமல் நின்றாள்.

"நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்ப்பா" என்றாள். "பாதி எறக்கத்துல மறுபடி வந்துச்சு. நிறுத்திப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

தெக்லாய் அழுகையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். பதினான்கு மாதத்தில் அன்றுதான் சரியாகப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஷிரோவில் உப்புப் போட அவள் மறந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

இருவரும் சைக்கிளில் ஏறவில்லை. ஆளுக்கொரு பக்கம் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

"இனிமே சத்தம் கேட்டா நிக்கணும்" என்றார் அவர், பாதி வழியில்.

"நீங்களும்தான்" என்றாள் அவள்.