துவைக்காத தேர்ச்சீலை

கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு சென்டிமீட்டர் சிவப்பு நூல். அருங்காட்சியகத்தின் காப்பாளர் அக்கா அதை என்னிடம் தருவதற்கு முன் மூன்று இடங்களில் கையெழுத்து வாங்கினார். “பொண்ணக் கட்டிக் குடுக்கற மாதிரி குடுக்கறேனுங்க” என்று சிரித்தார். எங்கள் பல்கலைக்கழக ஆய்வகமும் அவர்களும் சேர்ந்து எடுத்த முதல் வேலை அது. அந்த நூல் எடுக்கப்பட்ட பழைய தேர்ச்சீலையில் கறை படிந்திருந்தது. கண்காட்சிக்கு முன் அதைத் துவைக்க அருங்காட்சியக மேலிடம் நாள் குறித்திருந்தது. சிவப்பு ஓடினால் அதிலிருந்த வெள்ளை யானைகள் அத்தனையும் பாழாகும்.

படிப்பு முடிந்ததும் நான் முதலில் இருந்தது வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை லேபில். அங்கே சாம்பிள் தீர்ந்தால் ஒரு போன் போதும், அரை மணியில் இன்னொரு துண்டு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் நூல் முழுவதையும் கரைப்பானில் போட்டுவிட்டேன். வேரிலிருந்து எடுத்த சாயம் என்று கருவி தெளிவாகக் காட்டியது. எங்கள் பேராசிரியருக்கு மகிழ்ச்சி. செய்ய வேண்டிய சோதனைகளின் பட்டியலைச் சரிபார்த்தபோதுதான் இரண்டாவது வரி கண்ணில் பட்டது: தண்ணீரில் சாயம் ஓடுமா? அருங்காட்சியகம் கேட்டிருந்த ஒரே கேள்வி அதுதான். நூலோ மிச்சமில்லை.

“வேர்ச்சாயம் பொதுவா ஓடாதும்மா. அப்படியே எழுதிரலாம்” என்றார் பேராசிரியர். ‘பொதுவாக’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மறுநாள் காலையிலேயே போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.

“முழுசையுமா கரைச்சீங்க? பனியன் கம்பெனின்னு நெனச்சுட்டீங்களாக்கும்!”

இன்னொரு நூலைத் தர அவர் சம்மதிக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, சீலையின் மடிப்புகளுக்கு இடையே வைத்திருந்த தாள்களை எடுத்து வந்தார். உதிர்ந்த இழைகள் அவற்றில் ஒட்டியிருந்தன. லென்ஸை வைத்துக்கொண்டு இருவரும் ஒரு பகல் முழுக்கப் பொறுக்கினோம். பாதியைத் தொடாமல் மூடி வைத்தேன். மீதியை ஈரமான வெள்ளைத் தாளில் பரப்பினோம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வோர் இழையைச் சுற்றியும் இளஞ்சிவப்பு கசிந்தது.

“ஓடுதுங்க” என்றார் அக்கா.

“அப்படியே எழுதிடறேனுங்க.”

அறிக்கை போனது. மேலிடம் முகம் சுளித்தது, ஆனால் துவைப்பு நின்றது.

இன்று எங்கள் ஆய்வகத்துக்கு எது வந்தாலும் முதலில் இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை எடுத்து வைக்கிறோம். எங்கள் கேள்விக்கு மேலே அருங்காட்சியகத்தின் கேள்வியை எழுதுகிறோம். அக்கா வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். தேர்ச்சீலை கறையோடுதான் கண்ணாடிக்குள் இருக்கிறது. போன வாரம் நான் அங்கே போயிருந்தபோது காதர்பேட்டை பனியன் வியாபாரி ஒருவர் அதன் முன் நின்று, “இந்தக் கறைக்கு நாங்க பழுதுன்னு செகண்ட்ஸ்ல தள்ளிருவமுங்க” என்றார்.

“தள்ள முடியாதுங்க,” என்றேன். “இருக்கறதே இது ஒண்ணுதானுங்க.”