இடமிருந்து மூன்றாவது முகம்

பரிமளா வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள் அவளுடைய வருகைப் பதிவேட்டில் ஒரு பல் வந்து விழுந்தது. திண்டிவனத்துக் கல்லூரி, முதலாண்டு வகுப்பு. பின் பெஞ்சில் ஒருவன் இன்னொருவனின் பிடரியைப் பிடித்து மேசையில் மோதினான். மோதப்பட்டவன் பெல்ட்டைக் கழற்றி பக்கிளை முகத்தில் வீசினான். தெறித்த முன்பல், அவள் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த பக்கத்திலேயே ரத்தத்தோடு கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் மறுநாளே மாற்றல் கேட்டிருப்பார்கள். பரிமளா விழுப்புரம் ரயில்வே காலனியில் கேங்மேன் மகளாக வளர்ந்தவள், அழுத்தக்காரி. பல்லைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே இரண்டு பேரையும் தேடிப் போய் என்ன சண்டை என்று கேட்டாள்.

சண்டை மேசையில் செதுக்கிய ஒரு பெயருக்காக. மரக்காணம் பஸ்ஸில் வருகிறவன் தன் பஸ்ஸின் பெயரைச் செதுக்கியிருந்தான். வல்லம் பஸ்ஸில் வருகிறவன் அதன் குறுக்கே கோடு கிழித்திருந்தான். பஸ்ஸைச் சொன்னால் ஊர் தெரியும், ஊரைச் சொன்னால் சாதி தெரியும். சாதிப் பெயரை வாயால் சொல்லாமலே வெட்டிக்கொள்ள அவர்களுக்கு பஸ் வசதியாக இருந்தது. சமூகவியல் படித்தவளுக்கு இதைவிடப் பெரிய பாடம் எங்கே கிடைக்கும்? அதிலேயே இறங்கினாள்.

புதுச்சேரியில் பகுதிநேரமாக ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்தாள். ரவுடிப் பையன்களைப் பற்றி ஆராய்ச்சியா என்று பெரியவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யாரும் பஸ்ஸில் ஏறியதில்லை. இவள் ஏறினாள். மேற்கூரையில் ஆடுகிறவர்களுக்குக் கீழே உட்கார்ந்து பாட்டை எழுதினாள், பட்டப்பெயர்களை எழுதினாள். ஒருநாள் ஜன்னல் வழியாக வந்த கருங்கல் இடது புருவத்தைப் பிளந்தது. ஏழு தையல். அதையும் தேதி போட்டு எழுதினாள். பட்டம் கிடைத்தது.

அவள் கண்டுபிடித்தவற்றில் முக்கியமானது பேனர். பிறந்தநாளோ சாவோ, இந்தப் பையன்கள் வைக்கும் பேனரில் கீழே வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கூட்டம். உள்ளே இருப்பவர்களுக்கு இடம்தான் கணக்கு. இடமிருந்து முதல் முகம் தலைவன். இரண்டாவது, கத்தி எடுப்பவன். மூன்றாவது, உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போடுபவன். ஒருவனோடு பகை வந்துவிட்டால் பேனரைக் கழற்றமாட்டார்கள். அவன் முகத்தை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்துவிடுவார்கள். அப்படி ஓட்டை விழுந்த முகங்கள் ஆறை அவள் பார்த்திருக்கிறாள். ஆறு பேரும் ஒரு மாதத்துக்குள் வெட்டுப்பட்டார்கள்.

சுகுமார் மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பையன், அவளிடம் மூன்றாமாண்டு படித்தான். அப்பா கடலில் போய்விட்டார். அம்மா செண்பகம் மீன் விற்றுப் படிக்கவைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் திண்டிவனம் பஸ் நிலையத்தில் வல்லம் பஸ் பையன் ஒருவனின் வலது கையில் நாலு விரலை மரக்காணம் பஸ் பையன்கள் வெட்டி எறிந்தார்கள். வெட்டியவர்கள் பிடிபட்டார்கள். திட்டம் போட்டது யார் என்று போலீசுக்கும் தெரியவில்லை, விரல் போனவனுக்கும் தெரியவில்லை.

"பேரு வராதில்ல மேடம்?" என்று ஒருநாள் நூலகத்தில் சுகுமார் கேட்டான்.

"வராது. என் வார்த்தை."

"அப்ப எழுதிக்கோங்க. பிளான் என்னுது. அப்போ நான் எதிர்க்கடைல டீ குடிச்சிக்கினு இருந்தேன். அதுக்கப்புறம் ஒழுங்கா சோறு எறங்கல மேடம்."

அவள் பெயரைப் போடவில்லை. கருத்தரங்கத் தொகுப்பில் வந்த கட்டுரையில் அவன் பெயர் 'தகவலாளர் ஏழு'. கூடவே பேனர் படம் ஒன்று, முகங்களையெல்லாம் கலங்கலாக்கி. படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: விரல் வெட்டுக்குத் திட்டமிட்டவர், இடமிருந்து மூன்றாவது.

இணைப் பேராசிரியர் பதவிக்கு அந்தக் கட்டுரை உதவியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பரிமளாவுக்கு மண்டையில் பெருமை ஏறிவிட்டது. அச்சில் வந்த தங்கள் வாழ்க்கையை இவர்கள் பார்த்ததே இல்லையே என்று நகலெடுத்து வகுப்பில் எல்லோர் கையிலும் கொடுத்தாள். பாடப்புத்தகத்தைத் தொடாதவர்கள் அதை வரி வரியாகப் படித்தார்கள். அவளுக்குக் கண் கலங்கியது. சுகுமார் மட்டும் அன்று வரவில்லை. இரண்டாவது பெஞ்சில் சின்னதுரை இருந்தான், வல்லம் பஸ். விரல் போனவனின் தம்பி. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை மறந்தாள்; அதற்கு மன்னிப்பு கிடையாது. அசல் பேனர் பஸ் நிலையத்து வாசலில் கலங்காத முகங்களோடு ஒரு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணத் தெரிந்தால் போதும்.

நகல் கொடுத்த பன்னிரண்டாம் நாள், சாயங்காலம் நாலரை. விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ஆட்டோவிலிருந்து நாலு பேர் இறங்கி மரக்காணம் பஸ் பக்கம் போனார்கள். படிக்கட்டில் தொங்கிய சுகுமாரைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். முதல் வெட்டு தோளில். கையைத் தூக்கித் தடுத்தான். இரண்டாவது வெட்டில் கை தொங்கிப்போனது. மூன்றாவது கழுத்தில். பெண்கள் அலறினார்கள், கண்டக்டர் விசிலடித்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வெட்டியவர்கள் அவசரப்படாமல் ஆட்டோவில் ஏறினார்கள்.

பரிமளா ஓடிப்போய் முந்தானையைச் சுருட்டி அவன் கழுத்தில் அழுத்தினாள். விரலிடுக்கில் ரத்தம் சூடாகப் பீறிட்டது.

"மேடம், அவனுங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது?" என்றான் சுகுமார்.

அவளுக்குத் தெரியும்; முந்தானையை இன்னும் இறுக்கி அழுத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் செத்துப்போனான். பிணவறை வாசலில் செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், காரணம் தன் கட்டுரை என்பதை மட்டும் சொல்லவில்லை.

நாலு பேரும் கோர்ட்டில் சரணடைந்தார்கள். ஒரு வாரம் கழித்து சின்னதுரை விழுப்புரத்தில் அவள் வீட்டுக்கே வந்தான். வாசலைத் தாண்டி உள்ளே வர மறுத்தான்.

"உங்க பேப்பர்ல பாத்து எண்ணினேன் மேடம். அண்ணன்கிட்ட காட்டினேன். வெட்டுவாங்கன்னு நெனைக்கல, போலீஸ்ல சொல்வாங்கன்னு நெனைச்சேன்." தெருமுனையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "சுகுமாரு எங்கிளாஸ்மேட்டுதான, அவன்கிட்ட நைசா பேசி வாங்கி நான்தான் காட்டிக்குடுத்தேன்னு குப்பத்துல பேசிக்கினு இருக்கறாங்களாம். காரியம் முடிஞ்சதும் என்னப் போடப் போறாங்க. பேஜாரா இருக்குது மேடம், எங்க போறதுன்னே தெரியல."

பதினாறாம் நாள் காரியத்துக்குக் குப்பத்துக்குப் போனாள். பந்தல் வாசலில் கண்ணீர் அஞ்சலி பேனர். சுகுமார் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே வரிசையில் முதல் முகம் கண்ணையன், சுகுமாரின் கூட்டாளி. மூன்றாவது முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். அவளுடைய முகம்தான். அடையாள அட்டைப் படத்தை எங்கேயோ பிடித்துப் போட்டு, 'உயிரைக் காக்கப் போராடிய எங்கள் மேடம்' என்று அச்சடித்திருந்தார்கள். திண்டிவனம் பஸ் நிலையத்திலும் இதே பேனர்தான் வைத்திருக்கிறோம் என்றான் கண்ணையன், நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே.

அவள் உட்காரவில்லை. செண்பகத்தின் முன்னால் போய் நின்றாள். கண்ணையனுக்கும் மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள்.

"சின்னதுரை யார் வாயையும் புடுங்கலம்மா. சுகுமாரு என்னை நம்பிச் சொன்னான். பேரு போடாம நான் எழுதினேன். ஆனா மூணாவது ஆளுன்னு எழுதினேன். அதைப் படின்னு அந்தப் பையன் கையில குடுத்ததும் நான்தான். வேற யாரும் இல்ல."

செண்பகம் படையல் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"அன்னைக்கு எங்கையப் புடிச்சிக்கினு அழுதியே, அப்ப இது தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

படையலுக்கு வைத்திருந்த பித்தளைச் சொம்பை எடுத்து செண்பகம் அவள் முகத்தில் அடித்தாள். புருவத்தின் பழைய தையல் தழும்பு பிளந்தது. மறுபடி அடித்தாள், மறுபடியும். உதடு கிழிந்தது. பரிமளா கையைத் தூக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. கை ஓய்ந்ததும் செண்பகம் சொம்பைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து பெருங்குரலெடுத்து அழுதாள். கீழே விழுந்திருந்த பரிமளா எழுந்திருக்கக் கண்ணையன் கை கொடுக்கவில்லை. பேனரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனான்.

திங்கட்கிழமை காலை திண்டிவனத்தில் இறங்கினாள், புருவத்தில் ஒன்பது தையலோடு. பஸ் நிலைய வாசலில் அஞ்சலி பேனர் இருந்தது. முதல் முகம் கண்ணையன். இரண்டாவது முகம் இருந்தது. மூன்றாவது இடத்தில் சதுரமாக ஓட்டை. பிளேடு நேராக, நிதானமாகப் போயிருந்தது. ஓட்டை வழியாகப் பின்னால் நின்ற மரக்காணம் பஸ்ஸின் பச்சை தெரிந்தது. பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு நடந்தாள்.

பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். சின்னதுரையின் பெயர் வந்தது. இரண்டு வாரமாக வராதவன் எழுந்து நின்றான்.

"வந்துட்டேன் மேடம்."

வருகை போட்டாள். அவன் உட்காரவில்லை.

"பேனரைப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன்."

"லீவு போட்டுடுங்க மேடம். ஒரு மாசம்."

"உக்காருப்பா," என்றாள் பரிமளா. அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.