ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு லைஃப்கார்ட்

கொடைக்கானலில் கடல் கிடையாது. இதை நான் எங்கள் ஹெட் ஆபீசுக்குப் பதினோரு முறை மெயிலில் எழுதியிருக்கிறேன். ஒருமுறை மேப்பையே இணைத்து அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வந்தது. விருந்தினர் பாதுகாப்பில் சமரசம் இல்லை, லைஃப்கார்ட் பதவியை உடனே நிரப்பவும்.

என் பெயர் புவனா. நூறு வருஷத்துப் பழைய பங்களாக்கள் மூன்றைப் புதுப்பித்து நடத்தும் ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை. எங்கள் கம்பெனிக்கு இதற்கு முன் இருந்ததெல்லாம் கடற்கரை ஹோட்டல்கள். பழைய கிடங்கு, பழைய துரை வீடு என்று தேடித்தேடி வாங்கி, சுண்ணாம்பு பூசி, என் ஒரு மாசச் சம்பளத்தை ஒரு ராத்திரி வாடகையாக வாங்குவார்கள். மலைக்கு வந்தபோது தேக்குக் கட்டில்களோடு கடற்கரைக்கு எழுதிய விதிப்புத்தகமும் அப்படியே வந்து இறங்கியது. அதில் ஒரு வரியை அடிக்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

அப்புறம் ஒரு பெட்டி வந்தது. சிவப்பு அரை டிராயர், மஞ்சள் பனியன், விசில், ரப்பர் வளையம். ஏணி வைத்த உயரமான நாற்காலி தனியாக லாரியில் வந்தது. டிராயர் பெரிய சைஸ். எங்கள் ஆட்களில் ஈஸ்வரன் இடுப்பில் மட்டும்தான் அது நின்றது. மலைச்சரிவில் இருக்கும் அடுக்கம் கிராமத்துக்காரர். பங்களா பூட்டிக் கிடந்த காலத்திலிருந்து ஒன்பது வருஷமாகத் தோட்டத்தில் தினக்கூலி. மேனேஜர் குகன் அவரைக் கூப்பிட்டு, இன்று முதல் நீங்கள் நிரந்தர ஊழியர் என்றார். ஈஸ்வரன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், குடும்பத்துக்கு மெடிக்கல் கார்டு உண்டா என்று. உண்டு. அவர் மனைவி செல்விக்கு இதயத்தில் வால்வு பழுது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் தாங்காது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். மனுஷன் டிராயரை வாங்கிக் கம்பளிக் கால்சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறிவிட்டார்.

நாற்காலி தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் இருந்த தண்ணீர், முற்றத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஓர் அல்லித் தொட்டி. உள்ளே நாலு மீன். பதினான்கு மாதம் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அலைக்குத் தகுந்தபடி கொடி ஏற்றச் சொல்லியிருந்தது. அலைக்கு எங்கே போவார்? பனிமூட்டம் ஏறினால் சிவப்பு, கலைந்தால் பச்சை என்று தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, விருந்தினர்கள் அந்தக் கொடியைப் பார்த்துத்தான் ஸ்வெட்டர் போட்டார்கள். சாயங்காலம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று அறிக்கை சொல்வார், நான் டைப் அடிப்பேன். அலை இல்லை. மூழ்கியவர் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எம்.காம். படித்தவள் அடிக்கிற அறிக்கையா இது?

வினை அதிலேதான் வந்தது. பதினான்கு மாதத்தில் ஓர் உயிர்கூடப் போகாத கிளை என்று எங்களுக்கு விருது அறிவித்தார்கள். பாதுகாப்பு அதிகாரி ராஜமுருகன் நேரில் வந்து கொடுப்பார். அதற்கு முன் அவர் கண்ணெதிரே லைஃப்கார்ட் ஓர் ஆளை நீந்திக் காப்பாற்றிக் காட்ட வேண்டும். செல்வியின் ஆபரேஷனுக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. ஈஸ்வரனுக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. வேலை போனால் கார்டும் போகும். குகன் ரெண்டு நாள் கையைப் பிசைந்துவிட்டு, மூழ்குகிற ஆளாகத் தானே நடிப்பதாகச் சொன்னார்.

அன்றைக்குக் காலையில் எட்டு டிகிரி குளிர். ராஜமுருகன் கையில் ஸ்டாப்வாட்சோடு நின்றார். குகன் கோட்டும் டையுமாகத் தொட்டியில் மல்லாந்து படுத்துக் கைகாலை உதறினார். ஆழம் போதாமல் வயிறு வெளியே தெரிந்தது. ஈஸ்வரன் விசில் ஊதினார், இறங்கி வந்தார், தொட்டியைத் தாண்டிப் போய் அதிகாரியின் முன்னால் நின்றார்.

"சார், எனக்கு நீச்சல் தெரியாதுங்க. இந்தச் சோலி இல்லேன்னா எம் பொண்டாட்டி பொழைக்க மாட்டா. அதுக்குத்தான் ஏறி உக்காந்தேன். இனி நீங்க பாத்துச் செய்யுங்க."

குகன் தண்ணீரில் அப்படியே கிடந்தார்.

ராஜமுருகனுக்குக் கோபம் வரவில்லை. விதிப்புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார். விருது அறிவித்த கிளையின் லைஃப்கார்டை நீக்க விதி இல்லை. விருதுக்குக் கையெழுத்துப் போட்டதும் அவரேதான். ஆனால் தகுதி குறைந்த ஊழியரைக் கடற்கரைக் கிளைக்கு ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்ப விதி இருந்தது. அடுத்த பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது. போகாவிட்டால் பதவி ரத்து. நான் மரியாதையை மறந்து கத்தினேன். கடலே இல்லாத ஊருக்காக நீச்சல் பழக, பொண்டாட்டியை ஆபரேஷன் மேஜையில் விட்டுவிட்டு இவர் போக வேண்டுமா என்று கேட்டேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, நியாயமான விஷயம், மெயில் போடுங்கள் என்றார்.

ஈஸ்வரன் போனார். ஆபரேஷன் அன்று மதுரையில் செல்வியோடு நான்தான் இருந்தேன். கார்டை நீட்டியதும் மறுபேச்சில்லாமல் உள்ளே கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் ஈஸ்வரன் எங்கோ கழுத்தளவு கடலில் நின்று உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். கரைக்கு வரும்போதெல்லாம் போன் போட்டார். வாழ்க்கையில் முதல்முறை கடலைப் பார்த்த ஆள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முழிச்சிட்டாளா, முழிச்சிட்டாளா என்று அதையே கேட்டார்.

மறுநாள் வெள்ளனே செல்வி கண் திறந்தாள். எல்லாம் நல்லபடியா முடிஞ்சது மதினி என்று குனிந்து சொன்னேன். அது அவள் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த உதட்டை மெல்ல அசைத்தாள்.

"அவரு முங்கிப் போயிறலையே, புவனா?"